சைனாலஜி டிஎஸ்223: லினக்ஸ் வீட்டுக்கு ஏற்ற பெட்டிதான், நாலு இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும்

வீட்டில் இருப்பதெல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் இந்த நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பொதுவாக ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி, வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நிலையில் அது விண்டோஸ் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் நடந்துகொள்ளும். லினக்ஸுக்கு வேண்டிய என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிரும் முறை அணைக்கப்பட்டிருக்கும், யூசர்களுக்கு லினக்ஸும் நாஸும் தரும் எண்கள் ஒத்துப்போகாது. இவற்றைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும், பிறகு வருடக்கணக்கில் தொந்தரவில்லை.

வட சென்னையில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ் நகராமல் போனதும் மின்ட் என்ற லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் ஒரு ரகம். டிடிபி, கல்யாண ஆல்பம், பாரிமுனைப் பக்கம் கிளியரிங் வேலை என்று சின்ன அளவில் தொழில் செய்து, லைசென்ஸ் செலவு வேண்டாமென்று மாறியவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு வைஃபை லேப்டாப், இரண்டாவதற்கு லேன் கேபிளில் நிற்கிற டெஸ்க்டாப். இணைக்கும் வழியும் இந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. கீழே வரும் கட்டளைப் பெயர்களையும் ஆப்ஷன்களையும் ஒலிப்பின்படி தந்திருக்கிறோம். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

முதலில் பெட்டி. 1.7 கிகாஹெர்ட்ஸ் நாலு கோர் ரியல்டெக் சிப், 2 ஜிபி ரேம், ஒரே ஒரு கிகாபிட் லேன் போர்ட், மூன்று யுஎஸ்பி போர்ட். ரேம் போர்டோடு சேர்ந்தது, பின்னால் கூட்ட முடியாது. டிஸ்க் தட்டுகள் முன்பக்கமாக இழுத்தால் வரும். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் திருப்புளி தேவையில்லை. விலை குறைந்த தம்பி டிஎஸ்223ஜேயில் ரேம் 1 ஜிபிதான், டிஸ்க் மாற்ற மூடியைக் கழற்ற வேண்டும். ஃபைல் வைத்து எடுக்க இரண்டும் போதும். நாலைந்து கன்டெய்னர் (தனித்தனி உறையில் ஓடும் சர்வர் மென்பொருள்) ஓட்டவேண்டும், 4கே படத்தை டிவிக்கேற்ப மாற்றித் தரவேண்டும் என்கிறவர்கள் இரண்டையுமே விட்டுவிட்டு, ஒரு பழைய கோர் ஐ5 டெஸ்க்டாப்பில் ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்வது மேல்.

டிஸ்க் தனியாக வாங்க வேண்டும், ஏமாறுகிற இடமும் அதுதான். சீகேட் அயன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி ரெட் பிளஸ் கேளுங்கள். ‘பிளஸ்’ இல்லாத வெறும் டபிள்யூடி ரெட் எஸ்எம்ஆர் வகை. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அந்த வகை டிஸ்க், ஒன்று பழுதாகி இன்னொன்றில் மறுபடி நிரப்பும்போது நாட்கணக்கில் இழுக்கும். சீகேட் பாரகுடா 4 டிபியும் அப்படித்தான். ரிச்சி தெருவில் வாங்குவதானால் பில் போடுவதற்கு முன்பே டிஸ்க் மேல் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கான சரக்கு என்று வந்தால் இங்கே வாரன்டி கிடைக்காமல் போகலாம். ஜிஎஸ்டி பில் கட்டாயம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் விம்கோ நகர் தடத்து மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கடைத்தெரு நடை தூரம். டிஸ்க்கை பைக் டேங்க்கில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வருவதைவிட அது நல்லது.

இரண்டு 4 டிபி டிஸ்க் போட்டால் ஒன்றின் பிரதி இன்னொன்றில் இருக்கும். ஆக, கையில் கிடைப்பது 4 டிபிதான், லினக்ஸ் கணக்கில் 3.6க்குச் சற்று அதிகம். வால்யூம் உருவாக்கும்போது பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, எடுக்க அது வேண்டும். அதன் அருமை பின்னால் தெரியும்.

முதல் அமைப்புக்கு விண்டோஸ் எதுவும் தேவையில்லை. பெட்டியை ரவுட்டரில் சொருகி, பிரவுசரில் ஃபைண்ட் டாட் சைனாலஜி டாட் காம் என்று அடித்தால் கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் ரவுட்டர் பக்கத்தில் அதன் ஐபி பார்த்து, 5000 என்ற போர்ட் எண் சேர்த்துத் திறக்கலாம். முடித்த கையோடு ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு ஐபியை நிலையாக்குங்கள். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் வேறு ஐபி வாங்கிக்கொள்ளும், மறுநாள் “நாஸ் செத்துப்போச்சு” என்று போன் வரும். ஷேர்டு ஃபோல்டர் பெயரை இடைவெளி இல்லாத ஒரே ஆங்கிலச் சொல்லாக வையுங்கள். இடைவெளி விட்டே ஆகவேண்டுமென்றால் எஃப்எஸ்டேப் ஃபைலில் (எதை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் பட்டியல்) அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டியிருக்கும்.

வைஃபை லேப்டாப்புக்கு எஸ்எம்பி, அதாவது விண்டோஸ் பாணி ஃபைல் பகிர்வு. சும்மா எட்டிப் பார்க்க, ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஐபி என்று அடித்தால் போதும். நெட்வொர்க் பட்டியலில் பெட்டி தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய எஸ்எம்பி1 முறையில்தான் அந்தப் பட்டியல் ஓடியது, அது இப்போது மூடப்பட்டுவிட்டது. நேராக முகவரி கொடுத்தால் வந்துவிடும். ஆனால் இப்படித் திறந்தது அந்த ஃபைல் மேனேஜருக்குச் சொந்தமான இணைப்பு. டெர்மினலிலோ சில வீடியோ எடிட்டர்களிலோ இது சரிவர அமையாது. நிலையான இணைப்புக்கு எஃப்எஸ்டேப்தான்.

முதல் வேலை, சிஃப்ஸ்-யுடில்ஸ் பேக்கேஜ் நிறுவுவது (எஸ்எம்பிக்கு லினக்ஸ் பக்கம் வழங்கும் பெயர் சிஃப்ஸ்). இது இல்லாமல் மவுன்ட் செய்தால், அதாவது நாஸின் ஷேரை ஒரு ஃபோல்டரில் இணைத்தால், “ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்” என்று டிஸ்க்கே கெட்டுப்போன மாதிரி பயமுறுத்தும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பேக்கேஜ் இல்லை, அவ்வளவுதான். அடுத்தது ஈடிசி அடைவில் ஒரு கிரெடென்ஷியல்ஸ் ஃபைல். ஒரு வரியில் யூசர்நேம், அடுத்த வரியில் பாஸ்வேர்டு, சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கு மட்டும் 600 அனுமதி. பாஸ்வேர்டை நேராக மவுன்ட் கட்டளையில் எழுதினால், அதில் காற்புள்ளி இருக்கும்பட்சத்தில் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். தனி ஃபைலில் அந்தச் சிக்கல் இல்லை.

எஃப்எஸ்டேப் வரியில் முதலில் //192.168.1.20/ஷேர்பெயர், பிறகு மவுன்ட் ஆகும் ஃபோல்டர், வகை சிஃப்ஸ், அடுத்து ஆப்ஷன்கள். கிரெடென்ஷியல்ஸ் ஃபைலின் பாதை, யுஐடி=1000, ஜிஐடி=1000, நோஃபெயில், அடிக்கோட்டில் தொடங்கும் நெட்தேவ், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட். யுஐடியை (யூசர் எண்) விட்டுவிட்டால் எல்லா ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும், படிக்க முடியும், எழுத முடியாது. கடைசி மூன்றும் லேப்டாப்புக்கு உயிர்நாடி. லேப்டாப் எழுந்திருக்கும்போது வைஃபை இன்னும் பிடித்திருக்காது, அதற்குள் தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி மவுன்ட் செய்யப் பார்த்து, 1 நிமிடம் 30 வினாடி கறுப்புத் திரையில் எண்ணிக்கொண்டு நிற்கும். ஆட்டோமவுன்ட் போட்டால் அந்த ஃபோல்டரை முதன்முதலில் தொடும்போதுதான் இணைப்பு நடக்கும். டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தால் முதல் முறை பத்துப் பதினைந்து வினாடி எடுக்கும். அது பழுதில்லை.

இணைப்பு மறுக்கப்பட்டால் எண்ணைப் பாருங்கள். 13 என்றால் பாஸ்வேர்டு தவறு அல்லது அந்த யூசருக்கு ஷேரில் அனுமதி இல்லை. 2 என்றால் ஷேர் பெயரில் எழுத்துப் பிழை. 115 என்றால் ஃபயர்வாலோ தவறான ஐபியோ, பெட்டியைத் தொடவே முடியவில்லை. 112 “ஹோஸ்ட் இஸ் டவுன்” என்று சொல்லும், ஆனால் பெட்டி பச்சை விளக்கோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் எஸ்எம்பி பதிப்பில் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் அர்த்தம். பழைய குறிப்புகளைப் பார்த்து வெர்ஸ்=1.0 என்று எழுதியவர்களுக்கு இது பெரும்பாலும் வரும், ஏனென்றால் நாஸ் எஸ்எம்பி2க்குக் கீழே பேசாது. அதை எடுத்துவிடுங்கள், அல்லது 3.0 என்று மாற்றுங்கள். 2017இல் வந்த 4.13 கெர்னலிலிருந்து லினக்ஸ் தானாகவே மேல்பதிப்பில்தான் தொடங்குகிறது. அரசு மடிக்கணினியில் வந்த பழைய பாஸ் லினக்ஸை அப்படியே வைத்திருப்பவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவாவது புதிய மின்ட்டுக்கு மாறிவிடலாம்.

கேபிளில் நிற்கும் டெஸ்க்டாப்புக்கு என்எஃப்எஸ். கன்ட்ரோல் பேனலில் ஃபைல் சர்வீசஸ் போய் என்எஃப்எஸ்ஸை இயக்கி, பிறகு ஷேர்டு ஃபோல்டரைத் திருத்தி, என்எஃப்எஸ் பர்மிஷன்ஸில் உங்கள் கம்ப்யூட்டரின் ஐபியைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டால் “ஆக்சஸ் டினைடு பை சர்வர்” வரும். லினக்ஸ் பக்கம் என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜ். மவுன்ட் பாதை வெறும் ஷேர் பெயர் இல்லை, /வால்யூம்1/ஷேர்பெயர். அந்தப் பர்மிஷன் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்து, மவுன்ட்டும் ஆகி, ஒரு ஃபைலை எழுதப் போனால் மறுக்கும். இதில்தான் பலர் என்எஃப்எஸ்ஸைக் கைவிடுகிறார்கள். காரணம் இது. எஸ்எம்பி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். சாதாரண என்எஃப்எஸ் எதையும் கேட்காது, யூசர் எண்ணை மட்டும் நம்பும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் முதல் யூசரின் எண் 1000. சைனாலஜியில் 1024, 1025 ஆகியவை அட்மின், கெஸ்ட் கணக்குகளுக்குப் போய்விட, நீங்கள் உருவாக்கும் முதல் யூசர் 1026. இரு பக்கமும் ‘குமார்’ என்றே பெயர் வைத்திருந்தாலும் நாஸுக்கு வந்திருப்பது 1000 என்ற அந்நியர். எல்எஸ் -எல்என் அடித்துப் பார்த்தால் பெயருக்குப் பதில் எண்கள் தெரியும், சந்தேகம் தீரும்.

தீர்வு இரண்டு. அதே பர்மிஷன் திரையில் ஸ்குவாஷ் என்ற இடத்தில் “மேப் ஆல் யூசர்ஸ் டு அட்மின்” வைத்தால் யார் எழுதினாலும் அட்மின் எழுதியதாகக் கொள்ளும். ஒரே குடும்பம், ஒரே கம்ப்யூட்டர் என்றால் இதோடு வேலை முடிந்தது. ஆனால் அந்த ஐபியில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் முழு அதிகாரம் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாலு பேர் வேலை செய்கிற ஆல்பம் கடைக்கு இது ஆகாது. அங்கே லினக்ஸ் பக்கம் யூசர்மாட் -யூ கொண்டு ஒவ்வொருவரின் எண்ணையும் நாஸில் அவருக்கு உள்ள எண்ணாக (முதல் யூசருக்கு 1026) மாற்றுவதுதான் ஒழுங்கு. அந்த யூசரில் நுழைந்திருக்கும்போது செய்ய முடியாது, வேறொரு நிர்வாகக் கணக்கிலிருந்து செய்யுங்கள். ஹோம் ஃபோல்டரின் உரிமை தானாக மாறிவிடும், வெளியே கிடக்கும் ஃபைல்களைக் கையால் மாற்ற வேண்டும். என்எஃப்எஸ் 4 போட்டு எல்லாம் ‘நோபடி’ என்று தெரிந்தால், நாஸில் உள்ள என்எஃப்எஸ்வி4 டொமைனும் லினக்ஸில் ஐடிமேப்டி அமைப்பில் உள்ள டொமைனும் ஒன்றா என்று பாருங்கள். பொறுமை இல்லையென்றால் பதிப்பு 3க்கு இறங்கிவிடுங்கள், வீட்டுக்கு அது போதும்.

என்எஃப்எஸ்ஸில் இன்னும் ஒரு பள்ளம். எஸ்எம்பி வழியாக அழித்த ஃபைல் நாஸின் ரீசைக்கிள் ஃபோல்டரில் காத்திருக்கும். என்எஃப்எஸ் வழியாக அழித்தது போனது போனதுதான். பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஸ்னாப்ஷாட்டும் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான். பேக்கேஜ் சென்டரில் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் நிறுவி, இரவுக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

வேகம். கிகாபிட் இணைப்பில் பெரிய ஃபைல் வினாடிக்கு 110 எம்பி அளவில் போகும், கார்டிலிருந்து 64 ஜிபி கல்யாண வீடியோ பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும். அதே வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தால் எங்கோ 100 மெகாபிட்டில் மாட்டியிருக்கிறது என்று பொருள். ஈத்டூல் கட்டளையில் ஸ்பீடு வரியைப் பாருங்கள். பிராட்பேண்டுக்காரர் இலவசமாக வைத்துவிட்டுப் போகிற ரவுட்டர்கள் சிலவற்றில் லேன் போர்ட் 100தான். அப்படியென்றால் ஒரு ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி நாஸையும் டெஸ்க்டாப்பையும் அதில் சொருகுங்கள், ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஸ்விட்சும் கிகாபிட், போர்ட்டும் கிகாபிட், ஆனாலும் 100 என்றால் கேபிள். எட்டுக் கம்பியில் நாலு மட்டும் தொட்டாலும் இணைப்பு 100இல் ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிற கேபிளின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம். கடலோரக் காற்றடிக்கும் காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் அது சீக்கிரமே அரித்துவிடும். முழுச் செம்பு கேட்5இ போதும், கேட்7 என்று விற்பதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டாம்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு தகவல். ‘பொங்கல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பைட்டுகள், ஆகவே இரண்டு ஃபைல்கள். மேக்கிலிருந்து வந்த ஃபோல்டரும் லினக்ஸில் தட்டியதும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நின்றால் வைரஸ் இல்லை, இதுதான். கன்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி (ஒரே குறியாக வைக்கும் வடிவம்) தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டாவது, பெயரின் நீளம். ஒரு தமிழ்க் குறி 3 பைட், ஃபைல் பெயருக்கு வரம்பு 255 பைட். ‘கி’ என்பதே இரண்டு குறி என்பதால் 85 குறிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஷேர்டு ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தால் வரம்பு 143 பைட்டாகக் குறையும், அதாவது 47 குறிகள். “திருமதி, திரு” என்று பத்திரிகைபோல முழுசாகப் பெயர் வைத்த ஆல்பம் ஃபோல்டர்கள் பாதியில் நின்றுவிடும். தவிர, அப்படி என்கிரிப்ட் செய்த ஷேருக்கு என்எஃப்எஸ்ஸும் கிடையாது.

பேக்கப்புக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாஸ் அணைந்திருந்து மவுன்ட் ஆகாமல் போனால், அந்த இடத்தில் இருப்பது வெறும் ஃபோல்டர். ஆர்சிங்க்குக்கு வித்தியாசம் தெரியாது, லேப்டாப்பின் சொந்த எஸ்எஸ்டியிலேயே எல்லாவற்றையும் மறுபடி எழுதி நிரப்பிவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுன்ட்பாயின்ட் -கியூ வைத்து, இல்லையென்றால் நிறுத்து என்று எழுதுங்கள். கூடவே மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு சேட்டர் +ஐ போட்டுவிட்டால் தவறியும் எழுத முடியாது. டிஜிகேம் என்ற படத்தொகுப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் படங்களை நாஸிலும், அதன் டேட்டாபேஸை லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டேட்டாபேஸான எஸ்கியூலைட் ஃபைல் நெட்வொர்க்கில் பூட்டுச் சிக்கலில் கெட்டுப்போகும்.

பெட்டியை எங்கே வைப்பது? நிறுவனம் சொல்வது 40 டிகிரி வரைதான். மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள்ளோ ஓட்டுக்கூரையை ஒட்டிய பரணிலோ அது தாங்காது. தரையும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இடுப்புயரத்துக்கு மேல் திறந்த அலமாரித் தட்டு, பின்னால் ஒரு சாண் இடைவெளி, ஃபேன் கூல் மோட். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் கன்டெய்னர் லாரிப் புழுதி ஃபேன் வலையில் படலமாக ஒட்டும், மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கும், ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்லாது. பின்னால் யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள யூபிஎஸ்தான் வேண்டும், எல்லா மலிவு மாடலிலும் அது இருப்பதில்லை. அதை நாஸில் சொருகி, ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதியில் நெட்வொர்க் யூபிஎஸ் சர்வரை இயக்கி, லினக்ஸ் கம்ப்யூட்டரின் ஐபியை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். லினக்ஸில் நட்-கிளையன்ட் நிறுவி, மோட் (இந்தச் சொல் மட்டும் பெரிய எழுத்து) நெட்கிளையன்ட் என்றும், யூபிஎஸ் பெயர் ‘யூபிஎஸ்’, யூசர் ‘மான்யூசர்’, பாஸ்வேர்டு ‘சீக்ரெட்’ என்றும் கொடுத்தால் நாஸ் சொல்வதைக் கேட்டு டெஸ்க்டாப்பும் ஒழுங்காக அணையும். ரவுட்டரையும் ஸ்விட்சையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், அவை அணைந்துவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேர வழியில்லை. எல்லாம் முடிந்ததும், முக்கியமான வேலை எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, டெஸ்க்டாப்பும் நாஸும் பேட்டரி தீருமுன் தாமாக அணைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.